புயல் நேரத்தில் 'ஹாம்' பேச்சைக் கேட்கும் ரேடியோ: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் டெல்டா பகுதிக் கடைக்காரர்கள் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, டார்ச் செல் ஆகிய மூன்றையும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கி அடுக்குவது பழைய வழக்கம். 2018-க்குப் பிறகு வாடிக்கையாளர்கள் நான்காவதாக ஒன்றைக் கேட்கிறார்கள். அதுதான் 'எமர்ஜென்சி ரேடியோ'. கைப்பிடி சுற்றினால் பாடும், மேலே சூரியத் தகடு, பக்கத்தில் டார்ச் விளக்கு என்று அட்டைப்பெட்டியில் அழகாகப் படம் போட்டு வருகிறது. சில பெட்டிகளில் 'ஹாம் பாண்ட் கேட்கலாம்' என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். நம் சங்கத்து இளம் உறுப்பினர் ஒருவர் அப்படி ஒரு பெட்டியை என்னிடம் கொண்டு வந்து, "ஐயா, இதை வாங்கிக் கடையில் வைக்கலாமா? உண்மையிலேயே கேட்குமா?" என்று விசாரித்தார். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் பயன்படும்படி விரித்து எழுதுகிறேன். நான் எஞ்சினியர் அல்ல, எஸ்.எஸ்.எல்.சி.யோடு மண்டிக்கு வந்தவன். ஆனால் சிறு வயது முதல் ரேடியோ கேட்கும் பழக்கம் உண்டு.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததும், லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்ததும் நாம் அனுபவித்த சங்கதிகள். கம்பம் சாய்ந்தால் கரண்டு இல்லை. கரண்டு இல்லையென்றால் செல்போன் கோபுரம் பேட்டரி தீரும்வரைதான் வேலை செய்யும். அதன்பின் கையில் உள்ள போன் வெறும் டப்பா. அந்த நாட்களில் எங்கள் கடைவீதியில் ஆற்றுப் பாலம் இடிந்துவிட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. இரண்டு நாள் ஒருவரும் லாரி அனுப்பவில்லை. பாலம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது! அந்த இரண்டு நாளில் மெழுகுவர்த்தி விலையும் பால் பவுடர் விலையும் எங்கே போயின என்று உங்களுக்கே தெரியும். செய்தி இல்லாத ஊரில் வதந்திக்குத்தான் நல்ல விலை. ஆகவே ரேடியோ நமக்குப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல, தொழிலோடு சேர்ந்த பொருள்.

இனி 'ஹாம்' என்றால் யார் என்று பார்ப்போம். அமெச்சூர் வானொலிக்காரர்களைத்தான் ஹாம் என்று அழைக்கிறார்கள். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, தங்கள் வீட்டிலேயே ஒலிபரப்பும் கருவி வைத்து ஒருவரோடொருவர் பேசுகிறவர்கள். 12 வயது நிறைந்த யாரும் தேர்வு எழுதலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. நம் நாட்டுக் குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்ற எழுத்துகளில் தொடங்கும். பேசும்போது 'விக்டர் யூனிஃபார்ம் டூ' என்று எழுத்துக்கொரு சொல்லாகச் சொல்வார்கள். இவர்களுக்குக் கோபுரமும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். ஒரு கார் பேட்டரி, ஒரு கருவி, இரண்டு மரங்களுக்கிடையே கட்டிய கம்பி ஆகிய மூன்றும் இருந்தால் பல நூறு கிலோமீட்டர் பேசிவிடுவார்கள். புயலில் எல்லாம் விழுந்தபின்னும் இவர்கள் எழுந்து நிற்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார் தம் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காக அனுமதி பெற்று, டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். சுனாமி வந்தது, தொலைபேசி போயிற்று. அதே கருவி, அதே கம்பி அன்றைக்கே நிவாரணப் பணிக்குத் திரும்பியது. யார் யார் உயிரோடு பத்திரமாக இருக்கிறார்கள் என்ற தகவல் அதன் வழியாகத்தான் கடல் தாண்டிக் கரைக்கு வந்து, கரையிலிருந்த ஹாம்கள் மூலம் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1999 ஒரிசா பெரும் புயல், 2001 குஜராத் பூகம்பம், 2015 சென்னை வெள்ளம் ஆகிய சமயங்களிலும் ஹாம்கள் இப்படிப் பணி செய்திருக்கிறார்கள்.

இவர்கள் பேசுவதைக் காதால் கேட்க மட்டும் நமக்கு என்ன ரேடியோ வேண்டும் என்பதே கேள்வி.

என் வயதை ஒத்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். மர்பி, புஷ், பிலிப்ஸ் ரேடியோக்களில் இலங்கை வானொலியைத் தேடிச் சிற்றலையில் முள்ளைத் திருப்பும்போது, 41 மீட்டருக்குப் பக்கத்தில் வாத்து கத்துவதுபோல 'குவக் குவக்' என்று ஒரு சத்தம் வரும். மனிதக் குரல் போலவும் இருக்கும், ஒரு சொல்லும் புரியாது. ரேடியோ ரிப்பேர் என்று நினைத்துத் தலையில் தட்டுவோம். ரிப்பேர் ஒன்றுமில்லை. அதுதான் ஹாம்களின் பேச்சு. 41 மீட்டர் ஒலிபரப்புகளுக்குப் பக்கத்து வீடுபோல 7 மெகாஹெர்ட்ஸில் ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் இருக்கிறது. அதை 40 மீட்டர் பாண்ட் என்பார்கள்.

ஏன் வாத்துக் குரலாகக் கேட்கிறது என்பதை நம் மண்டிக் கணக்கிலேயே சொல்கிறேன். வானொலி நிலையம் அனுப்பும் அலையை 60 கிலோ மூட்டை என்று வையுங்கள். அதில் 40 கிலோ வெறும் சாக்கு. அதாவது பேச்சைச் சுமந்து வரும் வாகன அலை. மீதி 20 கிலோதான் பேச்சு. அதிலும் ஒரே சரக்கை 10 கிலோ வீதம் இரண்டு முறை கட்டியிருக்கிறார்கள். இதற்குப் பக்க அலைகள் என்று பெயர். நிலையத்துக்குப் பெரிய டிரான்ஸ்மிட்டர் உண்டு, இந்த வீண்செலவு கட்டும். கார் பேட்டரியில் ஓட்டும் ஹாமுக்குக் கட்டாது. அவர் சாக்கை எறிந்துவிட்டு, இரட்டிப்பில் ஒன்றையும் எறிந்துவிட்டு, மீதி ஒரு பங்கை மட்டும் முழு சக்தியோடு அனுப்புகிறார். இதற்கு 'சிங்கிள் சைடு பாண்ட்', சுருக்கமாக எஸ்.எஸ்.பி. என்று பெயர். சாக்கில்லாமல் வந்த சரக்கு நம் சாதாரண ரேடியோவில் சிதறிக் கொட்டுகிறது. அதுதான் வாத்துக் குரல். எஸ்.எஸ்.பி. வசதியுள்ள ரேடியோ, தானே உள்ளே ஒரு வாகன அலையை உற்பத்தி செய்து, வந்த சரக்கை அதில் பிடித்துக்கொள்கிறது. உடனே மனிதக் குரல் தெளிகிறது.

பழைய முள் ரேடியோ இரண்டு இருந்தால், ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்து, அந்த இரண்டாவதன் முள்ளை ஏறக்குறைய 455 கிலோஹெர்ட்ஸ் கீழே நகர்த்தி வாத்துக் குரலைத் தெளிய வைக்கும் தந்திரம் ஒன்றும் உண்டு. ரேடியோ பைத்தியம் பிடித்த பையன்கள் அன்றைக்கு இதைச் செய்வார்கள். வேடிக்கைக்குச் சரி, புயல் ராத்திரியில் இதை வைத்துக்கொண்டு மல்லாட முடியாது.

எனவே பெட்டியை வாங்குமுன் பார்க்க வேண்டிய முதல் எழுத்து எஸ்.எஸ்.பி. என்பதே. எல்.எஸ்.பி., யு.எஸ்.பி. என்று இரண்டு நிலைகள் மாற்றும் பொத்தானும், குரலை மெல்லச் சரிசெய்யும் சிறு சக்கரமும் இருக்க வேண்டும். (இந்த யு.எஸ்.பி. வேறு, சார்ஜ் போடும் யு.எஸ்.பி. வேறு. பெட்டியில் சார்ஜர் ஓட்டையைக் காட்டி 'யு.எஸ்.பி. இருக்கிறது' என்று விற்பவர்களும் உண்டு, ஏமாற வேண்டாம்.) 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஹாம்கள் எல்.எஸ்.பி.யிலும் அதற்கு மேலே யு.எஸ்.பி.யிலும் பேசுவது வழக்கம். அடுத்து, சிற்றலை விடுபடாமல் ஏறக்குறைய 1.7 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதும் வர வேண்டும். 'பத்து பாண்ட், பன்னிரண்டு பாண்ட்' என்று எழுதிய மலிவு ரேடியோக்களில் ஒலிபரப்பு நிலையங்கள் உள்ள துண்டுகள் மட்டுமே வரும். சிலவற்றில் 7 மெகாஹெர்ட்ஸ் தற்செயலாக வந்தாலும் எஸ்.எஸ்.பி. இல்லாததால் வாத்துதான் கத்தும்.

இப்போது அந்த இளைஞர் கொண்டுவந்த பெட்டிக்கு வருவோம். கைப்பிடி, சூரியத் தகடு எல்லாம் இருந்தது, எஸ்.எஸ்.பி. இல்லை. அதில் 'டபிள்யூ.பி.' என்று ஒரு பொத்தான். வெதர் பாண்ட், அதாவது வானிலை அலைவரிசை என்று விளக்கம் போட்டிருந்தது. இது அமெரிக்காவுக்காகச் செய்த பெட்டி. அங்கே நோவா என்ற அரசு அமைப்பு 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் இரவு பகலாக வானிலை அறிவிப்பு செய்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு நிலையமே இல்லை. இங்கே அந்தப் பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் இரைச்சல்தான். இதைச் சொல்லாமல் விற்றால், புயல் ஓய்ந்த மறுநாள் வாடிக்கையாளர் பெட்டியோடு நம் கல்லா முன் வந்து நிற்பார். நிற்கத்தான் வேண்டும்.

கைப்பிடி விஷயத்திலும் அளவான நம்பிக்கை போதும். ஒரு நிமிடம் சுற்றினால் சில நிமிடம் பாடும், அவ்வளவே. உள்ளே இருக்கும் சிறு பேட்டரி இரண்டு வருடம் சும்மா கிடந்தால் செத்தும் போயிருக்கும்.

எஸ்.எஸ்.பி. வசதியுள்ள கையடக்க ரேடியோக்களில் ஜப்பானிய சோனி ஐ.சி.எஃப்.-எஸ்.டபிள்யூ.7600ஜி.ஆர். பெயர்பெற்றது. இப்போது அதன் உற்பத்தி நின்றுவிட்டது, பழசாகக் கிடைத்தால்தான் உண்டு. இன்று அதிகம் புழங்குவது சீனத் தயாரிப்புகள். டெக்சன் பி.எல்.-330, பி.எல்.-660, பி.எல்.-880, எக்ஸ்.எச்.டேட்டா டி-808 ஆகியவை தெரிந்த பெயர்கள். விலை ஆயிரங்களில் வரும், சாதாரண ரேடியோவைப்போல நூறுகளில் வராது. இவற்றில் எது சிறந்தது என்று ரேடியோக்காரர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நமக்கு அந்தச் சண்டை வேண்டாம். மளிகைக்காரன் கண்ணோடு பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என்ன பேட்டரி? பி.எல்.-660-ம் அந்தப் பழைய சோனியும் நான்கு பென்சில் செல்லில் ஓடும். மற்றவை சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரியில் ஓடும். பத்து நாள் கரண்டு இல்லாத ஊரில் சார்ஜ் போட எங்கே போவது? பென்சில் செல் என்றால் நம் கடை அலமாரியிலேயே அட்டை அட்டையாகத் தொங்குகிறது. என் தேர்வு பென்சில் செல் ரகம்தான். மற்றவர் வேறு சொல்லலாம்.

சரி, வாங்கியாயிற்று. எங்கே திருப்புவது? பகலில் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை எல்.எஸ்.பி.யில் மெதுவாகத் திருப்புங்கள். பகல் வேளையில் இந்த அலை சில நூறு கிலோமீட்டர் தூரத்தை நன்றாக எட்டும். நம் பகுதியிலிருந்து சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஹாம்களைக் கேட்கலாம். புயல் இல்லாத நாட்களில் காலை நேரத்தில் கேட்டுப் பழகுவது நல்லது. தமிழ், ஆங்கிலம், இந்தி எல்லாம் கலந்து வரும். இரவானால் இந்த அலை தொலைதூரம் பாய்ந்துவிடும், பக்கத்து ஊர் மங்கிவிடும். அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள 80 மீட்டர் பக்கம் தேடலாம். தொலைதூரத்துக்குப் பகலில் 14 மெகாஹெர்ட்ஸ், யு.எஸ்.பி.யில். பேரிடர்க் காலத்தில் ஹாம்கள் கூடுவதற்கென்று நம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்குக் குறித்து வைத்திருக்கும் இடங்களில் 7.110-ம் 14.300-ம் உண்டு. இந்த இரண்டையும் ரேடியோவின் முதுகில் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஹாம்கள் சொல்லும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம்.

ஹாம்கள் ஊருக்குள் பேசுவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில். இது மேலே சொன்ன ரேடியோக்களில் வராது, 108-ஓடு நிற்கும் நம் எஃப்.எம். ரேடியோவிலும் வராது. இதைக் கேட்பதற்காகச் சிலர் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீன வாக்கி டாக்கியை வாங்குகிறார்கள். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். அதில் பேசும் பொத்தானும் இருக்கிறது. ஒலிபரப்பும் கருவியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம், 'நான் கேட்கத்தான் வைத்திருந்தேன்' என்ற பதில் செல்லாது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு மட்டும் 2018 முதல் லைசென்ஸ் விலக்கு உண்டு. அதற்கும் வகைச் சான்று வேண்டும். 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத் தளங்களில் வாக்கி டாக்கி விற்பவர்கள் அலைவரிசையையும் லைசென்ஸ் விவரத்தையும் சான்றையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. நம் உறுப்பினர்கள் இதை ஸ்டாக் வைக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பருப்பு விற்கிறவனுக்கு எதற்கு அந்த வம்பு? செய்தியும் பாட்டும் கேட்கும் ரேடியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு காலத்தில் அதற்கும் வருடா வருடம் தபாலாபீசில் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்ட வேண்டியிருந்தது. 1980-களில் அது ஒழிந்தது.

ரேடியோவோடு வரும் ஏரியலை மட்டும் நம்ப வேண்டாம். இருபது, முப்பது அடி நீளத்தில் சாதாரண ஒயரை ஜன்னல் வழியாக வெளியே கொண்டுபோய், மறுமுனையை ஏரியலில் ஒரு கிளிப்பால் மாட்டினால் கேட்கும் திறன் பல மடங்கு கூடும். மின்கம்பிக்கு அருகில் கட்டக்கூடாது. இடி மின்னல் இருக்கும்போது கழற்றி வெளியே எறிந்துவிட வேண்டும். கடைக்குள் எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், எலக்ட்ரானிக் தராசின் அடாப்டர் எல்லாம் சேர்ந்து 'கொர்ர்' என்று இரைச்சல் போடும். கரண்டு போனபின் கேட்டுப் பாருங்கள், ஊர் முழுவதும் அமைதியாகி, அதுவரை கேட்காத நிலையங்கள்கூடக் கேட்கும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹாம் அலைவரிசையில் வியாபாரப் பேச்சுக்கு இடமில்லை. 'நம் லோடு எங்கே நிற்கிறது, விருதுநகரில் உளுந்து என்ன விலை' என்று ஒரு ஹாமிடம் கேட்டனுப்பச் சொன்னால் அவர் செய்ய மாட்டார், செய்தால் அவர் லைசென்ஸுக்கே ஆபத்து. அந்த நேரத்தில் அதில் ஓடுவது மருந்து, படகு, ஆம்புலன்ஸ், காணாமல் போனவர்கள் பெயர் போன்ற சமாச்சாரங்கள். ஆனால் எந்தச் சாலை முறிந்திருக்கிறது, எந்த ஊரில் தண்ணீர் ஏறுகிறது, எங்கே முகாம் திறந்திருக்கிறது என்பதும் அதற்குள்ளேயே வந்துகொண்டிருக்கும். காது கொடுத்தால் நமக்கு அதுவே போதும். இவர்கள் பேச்சில் ரகசியமும் கிடையாது, குறிமொழியில் மறைத்துப் பேச விதி அனுமதிப்பதில்லை.

கேட்டதை என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றிலும் சிக்கலான இடம். புயலன்று ஊரில் திறந்திருப்பது மளிகைக் கடை ஒன்றுதான். அரிசி வாங்க வருகிறவரிடம் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலத்துக்குள் அது நாலு கிராமத்துக்குப் போய்விடும். இரைச்சலுக்கு நடுவே பாதி கேட்டு, 'அணை உடைந்ததாம்' என்று நாம் வாய் விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். கேட்ட நேரம், அலைவரிசை, பேசியவரின் அழைப்புக் குறி, சொன்ன வார்த்தை ஆகியவற்றை அப்படியே எழுத வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட செய்தியென்றால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கடை வாசலில் சொல்வதற்கு ஆகாசவாணிச் செய்தியும் வானிலைத் துறை அறிவிப்பும் போதும். புயல் எங்கே, எத்தனாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதற்கு மத்திய அலையும் எஃப்.எம்.மும்தான் முதல் துணை. ஹாம் அலைவரிசை அதற்கு மேல் ஒரு படி. மத்திய அலை நன்றாக எடுக்காத ரேடியோவை எஸ்.எஸ்.பி. இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

எல்லாக் கடையிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கடைவீதிக்கு ஒன்று இருந்தால் போதும். சங்கச் செலவில் வாங்கி, பொறுமையும் நிதானமான வாயும் உள்ள ஒருவர் பொறுப்பில் விடலாம். அவர் வாரம் ஒரு காலை கேட்டுப் பழகி வரட்டும். சாதாரண நாளில் கேட்டுப் பழகாதவருக்குப் புயல் நாளில் குரல் பிடிபடாது. ரேடியோவை எடுத்து வைக்கும்போது செல்லைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். உள்ளேயே விட்டால் ஒழுகி உலோகத் தகட்டை அரித்துவிடும். நான்கு செல் கொண்ட செட்டு குறைந்தது மூன்றாவது கையிருப்பில் இருக்கட்டும். புரட்டாசிக் கடைசியில் தேதி பார்த்து, பழைய செல்லைக் கடை வியாபாரத்தில் தள்ளிவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளலாம்.